ஃப்ரிடாவை நிறுவுவதும் மூலத்திலிருந்து கட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலிப் பாதுகாப்பு படிக்க வருகிறவர்களுக்கு, ஓடும் நிரலுக்குள் எட்டிப் பார்க்க உதவும் ஃப்ரிடா என்ற கருவியை நிறுவிக் கொடுப்பதும், அது ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்து பார்ப்பதும் சில வருடங்களாகவே எனக்கு மாலை நேர வேலை. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை வாயால் படித்துக் காட்டுவதுபோலத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை மூன்றில் ஒன்றாகத்தான் இருந்தன: இரண்டு முனையிலும் (கணினி, போன்) பதிப்பு ஒன்றாக இல்லை, பிராசசர் வகை பொருந்தவில்லை, அல்லது அனுமதி இல்லை. கீழே பல இடங்களில் இந்த மூன்றுக்கே திரும்பி வருவோம்.

ஃப்ரிடான்னா என்ன? டீபக்கர் மாதிரி ஒண்ணா?

டீபக்கர் நிரலை நிறுத்தி, ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்க்கும். ஃப்ரிடா அப்படி நிறுத்துவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை ஏற்றி, நீங்கள் எழுதும் ஸ்கிரிப்டை அந்த நிரலின் நினைவகத்துக்குள்ளேயே ஓட வைக்கிறது. மூல நிரல் கையில் இருக்க வேண்டியதில்லை, மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதும் இல்லை. ஒரு ஃபங்ஷனுக்கு என்ன மதிப்பு போகிறது, என்ன திரும்பி வருகிறது என்று பார்க்கலாம், வேண்டுமானால் மாற்றவும் செய்யலாம்.

நார்வேக்காரரான ஓலே ஆந்த்ரே வாட்லா ராவ்னோஸ் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் இது. உள்ளே ஹூக் போடும் (அதாவது ஃபங்ஷனை இடைமறிக்கும்) அடிப்படைப் பகுதிக்கு கம் என்று பெயர், அது சி மொழியில் எழுதப்பட்டது. அதை இன்னொரு பிராசஸுக்குள் கொண்டுபோய் ஏற்றுகிற கோர் பகுதி வாலா மொழியில் இருக்கிறது. மேலே பைத்தான், நோட் போன்ற மொழிகளுக்கான இணைப்புகள். பின்னால் கட்டுவதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்கள் வரும்.

கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்துல அவ்வளவு ஃபைல் இருக்கே, எதை எடுக்கணும்?

கணினிக்கு அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டாம். பைத்தான் 3 இருந்தால் பிப் இன்ஸ்டால் ஃப்ரிடா-டூல்ஸ் என்ற ஒரு வரி போதும். ஃப்ரிடா, ஃப்ரிடா-பிஎஸ், ஃப்ரிடா-ட்ரேஸ் ஆகிய கட்டளைகள் எல்லாம் அதோடு வந்துவிடும், பைத்தான் நூலகமும் கூடவே இறங்கும்.

அந்தப் பக்கத்தில் இருப்பவை மறுமுனைக்கானவை. ரூட் செய்த (முழு நிர்வாக அதிகாரம் திறந்த) போனில் ஓட வேண்டியது ஃப்ரிடா-சர்வர். ரூட் இல்லாத இடத்தில் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டியது கேட்ஜெட். உங்கள் சொந்த சி நிரலில் ஃப்ரிடாவைச் சேர்க்க நினைத்தால் டெவ்கிட் என்று பெயருள்ள தொகுப்பு, அதில் ஒரு ஹெட்டர், ஒரு ஸ்டாட்டிக் நூலகம், ஒரு எடுத்துக்காட்டு நிரல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் பிராசசருக்கும் தனித்தனியாக இருப்பதால்தான் பட்டியல் அவ்வளவு நீளம்.

பிப் கொடுத்தா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு பிழை வருது, என்ன செய்ய?

டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி அதற்குப் பின் வந்த பதிப்புகளில் இப்படித்தான் வரும். இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானில் பிப் கைவைக்காமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. தடையை மீறச் சொல்லும் விருப்பத்தைப் பிழைச்செய்தியே காட்டும், ஆனால் அதைப் பயன்படுத்தாதீர்கள். பைத்தானின் வென்வ் கொண்டு ஒரு தனிச் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள், அல்லது அதைத் தானாகவே செய்யும் பிப்எக்ஸ் பயன்படுத்துங்கள்.

தனிச் சூழலால் இன்னொரு நன்மையும் உண்டு. வேலை இடத்தில் ஒரு போனில் ஃப்ரிடா 16ஆம் பதிப்பு வரிசை சர்வர், இன்னொன்றில் 17 வரிசை என்று இருந்தால், இரண்டுக்கும் இரண்டு சூழல் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நிறுவியாச்சு. சரியா வேலை செய்யுதான்னு போன் இல்லாம எப்படிப் பார்க்கிறது?

லினக்ஸில் பத்து வரியில் ஒரு சி நிரல் எழுதுங்கள்: முடிவில்லாத லூப், அதற்குள் ஒரு எண்ணை அச்சிடுவது, பிறகு ஸ்லீப் 10. ஓட விட்டால் பத்து விநாடிக்கு ஒரு எண் வரும். இன்னொரு டெர்மினலில் ஃப்ரிடா என்று அடித்து அந்த நிரலின் பெயரைக் கொடுத்து உள்ளே இணையுங்கள். அங்கே இன்டர்செப்டர்.அட்டாச் மூலம் சி நூலகத்தின் ஸ்லீப் ஃபங்ஷனைப் பிடித்து, ஆன்என்டர் பகுதியில் (ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஓடுவது) முதல் ஆர்க்யுமென்டை 1 என்று மாற்றுங்கள். நடந்துகொண்டிருக்கும் தூக்கம் முடிந்த பிறகு பாருங்கள், பத்து விநாடிக்கு ஒன்றாக வந்த எண் விநாடிக்கு ஒன்றாக ஓட ஆரம்பிக்கும்.

இதில் நடந்தது என்ன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஸ்லீப் ஃபங்ஷனின் தொடக்கத்தில் இருக்கும் சில கட்டளைகளை ஃப்ரிடா நினைவகத்தில் மட்டும் மாற்றி, தன் சொந்தக் குறியீட்டுக்குத் தாவ வைத்திருக்கிறது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் அங்கே ஓடி முடிந்ததும் மாற்றப்பட்ட கட்டளைகளின் நகல் ஓடி, மீதி ஃபங்ஷன் தொடர்கிறது. வட்டில் இருக்கும் கோப்பு தொடப்படவே இல்லை. ஃப்ரிடாவை விட்டு வெளியே வந்தால் பழைய பத்து விநாடி திரும்பிவிடும். புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான், இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பிறகு எதையும் நீளமாக விளக்க வேண்டியிருப்பதில்லை.

இணையும்போதே "சிஸ்டம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்"னு சொல்லி நின்னுடுது

அனுமதிச் சிக்கல். லினக்ஸில் ஒரு பிராசஸ் இன்னொன்றைத் தொட பிட்ரேஸ் என்ற கெர்னல் வசதி வேண்டும். உபுண்டு போன்றவற்றில் யாமா என்ற பாதுகாப்புப் பகுதி, தான் பெற்ற குழந்தைப் பிராசஸை மட்டுமே தொட விடும். கெர்னல்.யாமா.பிட்ரேஸ்_ஸ்கோப் என்ற மதிப்பை சிஸ்சிடிஎல் மூலம் 0 ஆக்கினால் இணையும். வேலை முடிந்ததும் மறுபடி 1 ஆக்கிவிடுங்கள், அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் அதைத் திறந்தே விடுவது நல்லதில்லை. இதற்குப் பதிலாக நிரலை ஃப்ரிடாவே தொடங்கும்படி -எஃப் கொடுத்தால் இந்தத் தடை குறுக்கே வராது, ஏனென்றால் அப்போது அது ஃப்ரிடாவின் குழந்தை.

மேக்கில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். கேட் (கோப்பைத் திரையில் காட்டும் கட்டளை) போன்ற, இயங்குதளத்தோடு வந்த நிரல்களை சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷன் காக்கிறது. பயிற்சிக்கு அவற்றை எடுக்காதீர்கள், நீங்களே கம்பைல் செய்த நிரலை வைத்துப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போன்ல சர்வரை எப்படிப் போடுறது?

முதலில் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஆண்ட்ராய்டு கருவி) ஷெல்லில் கெட்ப்ராப் ஆர்ஓ.ப்ராடக்ட்.சிபியு.ஏபிஐ என்று கேளுங்கள். ஆர்ம்64-வி8ஏ என்று வந்தால் ஆர்ம்64 கோப்பு, எக்ஸ்86_64 என்று வந்தால் (கணினியில் ஓடும் எமுலேட்டர்களில் பல இப்படி) அதற்குரிய கோப்பு. அப்புறம் கணினியில் ஃப்ரிடா --வெர்ஷன் கொடுத்து, அச்சு அசலாக அதே எண்ணுள்ள சர்வரை இறக்குங்கள். எக்ஸ்இசட் சுருக்கத்தைப் பிரித்து, ஏடிபி புஷ் மூலம் /டேட்டா/லோக்கல்/டிஎம்பி அடைவுக்கு அனுப்பி, சிஹெச்மாட் 755 கொடுத்து, ரூட்டாக ஓட்டுங்கள். கணினியில் ஃப்ரிடா-பிஎஸ் -யு (பெரிய எழுத்து, யுஎஸ்பியைக் குறிப்பது) அடித்தால் போனில் ஓடும் பிராசஸ்களின் பட்டியல் வர வேண்டும்.

எஸ்டி கார்டு அடைவில் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்பார்கள். அங்கே வைத்த கோப்பை நிரலாக ஓட்ட ஆண்ட்ராய்டு விடாது, அவ்வளவுதான்.

சர்வரை ஓட்டினா "நாட் எக்ஸிக்யூட்டபிள், மேஜிக் எஃப்டி37"னு ஏதோ வருது

சுருக்கத்தைப் பிரிக்காமல் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள். எக்ஸ்இசட் கோப்பின் முதல் இரண்டு பைட் எஃப்டி, 37. போனின் ஷெல் அதைப் பார்த்துத்தான் இது ஓடக்கூடிய கோப்பு இல்லை என்கிறது. அன்எக்ஸ்இசட் கொண்டு பிரித்து மறுபடி அனுப்புங்கள். இதே இடத்தில் 64 பிட் இஎல்எஃப் என்று குறை சொன்னால் அது பிராசசர் பொருந்தாத கதை, முந்தைய பதிலில் சொன்ன கெட்ப்ராப்பை மறுபடி பாருங்கள்.

எமுலேட்டர்லயே ரூட் கிடைக்கலை. "ப்ரொடக்ஷன் பில்டுல ரூட்டா ஓட முடியாது"ங்குது

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர் உருவாக்கும்போது கூகுள் ப்ளே என்று போட்ட படிமத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது கடைக்கு வரும் போனைப் போலவே பூட்டப்பட்டது. கூகுள் ஏபிஐஸ் என்று போட்ட படிமத்தில் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள், ஏடிபி ரூட் உடனே வேலை செய்யும். படிக்கிற காலத்தில் சொந்தப் போனை ரூட் செய்து வங்கிச் செயலியெல்லாம் நின்றுபோய்த் திண்டாடுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

புதுப் பதிப்பு போட்டுட்டேன், ஆனாலும் "மேஜர் வெர்ஷன் மேட்ச் ஆகலை"ன்னே சொல்லுது

நான் அதிக நேரம் செலவழித்துக் கண்டுபிடித்த பதில் இது. புதிய சர்வரை அனுப்பியிருப்பீர்கள், ஆனால் பழைய சர்வர் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். புதியதை ஓட்டும்போது 27042 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக ஒரு வரி வந்திருக்கும், பின்னணியில் ஓட விட்டதால் அது கண்ணில் பட்டிருக்காது. கணினி பேசுவது பழையதோடுதான். ரூட் ஷெல்லில் பழைய பிராசஸைக் கொன்றுவிட்டு, அல்லது போனை அணைத்துப் போட்டுவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் கணினிப் பக்கம் பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருந்து, நீங்கள் மேம்படுத்தியது ஒன்று, டெர்மினல் எடுப்பது இன்னொன்று என்று இருக்கலாம். விச் ஃப்ரிடா என்று கேட்டால் எந்த அடைவிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடும்.

ரூட் பண்ணாத போன்ல முடியவே முடியாதா?

முடியும், கேட்ஜெட் அதற்குத்தான். செயலியைப் பிரித்து, அதன் லிப் அடைவில் கேட்ஜெட் நூலகத்தை வைத்து, செயலி தொடங்கும்போது அது ஏற்றப்படும்படி செய்து, மறுபடி கட்டிக் கையொப்பமிட்டு நிறுவ வேண்டும். அப்ஜெக்ஷன் என்ற கருவி இந்த வேலைகளை ஒரே கட்டளையில் செய்து தரும்.

இதைச் செய்துவிட்டு "ஆப் திறந்ததும் அப்படியே உறைந்து நிற்கிறது, கெட்டுப்போச்சு" என்று வருவார்கள். கெடவில்லை. கேட்ஜெட் இயல்பாகவே நீங்கள் இணையும்வரை செயலியை நிறுத்தி வைக்கும். ஃப்ரிடா -யு கேட்ஜெட் என்று கொடுத்து இணைந்தால் செயலி நகரும். காத்திருக்க வேண்டாம் என்றால் கான்ஃபிக் கோப்பில் மாற்றலாம். ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பின் பெயரும் லிப் என்று தொடங்கி .எஸ்ஓ என்று முடிய வேண்டும், இல்லையென்றால் நிறுவும்போது விடுபட்டுவிடலாம்.

யாரோட ஆப்பை வேணும்னாலும் இப்படித் திறந்து பார்க்கலாமா?

உங்களுடையது, அல்லது சோதிக்க எழுத்தில் அனுமதி பெற்றது, அல்லது பயிற்சிக்கென்றே வெளியிடப்பட்டது. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக் பவுன்ட்டி (குறை கண்டு சொன்னால் பரிசு தரும்) திட்டங்களில் எது எல்லைக்குள், எது வெளியே என்று எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் தொடங்காதீர்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், இலங்கையில் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் அனுமதியில்லாத அணுகலைக் குற்றமாகவே பார்க்கின்றன.

நெட்ல கிடைச்ச ஸ்கிரிப்ட் எல்லாம் "ஜாவா இஸ் நாட் டிஃபைன்ட்"னு விழுது. நேத்து வரைக்கும் ஓடுச்சே?

2025இல் வந்த 17ஆம் பதிப்புக்கு மாறியிருப்பீர்கள். அதுவரை ஜாவா, அப்ஜெக்டிவ்-சி, ஸ்விஃப்ட் மொழிகளோடு பேசும் பாலங்கள் ஃப்ரிடாவுக்குள்ளேயே இருந்தன. 17இல் அவற்றைத் தனித் தொகுப்புகளாகப் பிரித்துவிட்டார்கள். ஃப்ரிடா கட்டளையிலும் ஃப்ரிடா-ட்ரேஸிலும் அவை இன்னும் கூடவே வருவதால் அங்கே ஓடும், அதே ஸ்கிரிப்டைப் பைத்தானிலிருந்து ஏற்றினால் விழும். என்பிஎம் மூலம் ஃப்ரிடா-ஜாவா-பிரிட்ஜை நிறுவி, ஸ்கிரிப்டின் மேலே இம்போர்ட் செய்து, ஃப்ரிடா-கம்பைல் கொண்டு ஒரே கோப்பாக்கி, அந்தக் கோப்பை ஏற்றுங்கள்.

கூடவே சில பழைய ஃபங்ஷன்களும் போய்விட்டன. மாட்யூல்.ஃபைண்ட்பேஸ்அட்ரஸ் என்று பழைய ஸ்கிரிப்டுகளில் எங்கும் இருக்கும், இப்போது பிராசஸ்.கெட்மாட்யூல்பைநேம் மூலம் மாட்யூலை எடுத்து அதன் பேஸைக் கேட்க வேண்டும். பழைய பதிப்பிலேயே தங்கிவிடலாமா என்றால், நடக்கிற ஒரு வேலையை முடிக்கும்வரை தங்கலாம். புதிதாகக் கற்கிறவர்கள் 17இலேயே தொடங்குவது நல்லது.

சோர்ஸ்ல இருந்து நானே பில்டு பண்ணணுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஃப்ரிடாவின் உள்பகுதியை நீங்கள் திருத்தப் போகிறீர்கள், வெளியீட்டில் இல்லாத ஒரு தளத்துக்கு வேண்டும், வெளியாகாத ஒரு திருத்தத்தைச் சோதிக்க வேண்டும், இப்படி ஏதாவது காரணம் இருந்தால் மட்டும் கட்டுங்கள். நிறுவியது ஓடவில்லை என்பதற்காகக் கட்டத் தொடங்காதீர்கள். மேலே சொன்ன மூன்றில் ஒன்றுதான் காரணம் என்றால் நீங்களே கட்டியதும் அதே இடத்தில்தான் நிற்கும்.

சரி, கட்டித்தான் ஆகணும். எங்கே தொடங்குறது?

சி கம்பைலர், பைத்தான் 3, நோட், கிட் ஆகியவை முதலில் இருக்கட்டும். கிட்ஹப்பிலிருந்து ஃப்ரிடா களஞ்சியத்தை க்ளோன் செய்யும்போது ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிப் பொத்தானை அழுத்தி இறக்காதீர்கள், அதில் சப்மாட்யூல்கள் (உள்ளே இணைத்த வேறு களஞ்சியங்கள்) வராது. பதிப்பு எண்ணும் கிட் குறிச்சொல்லிலிருந்தே எடுக்கப்படுவதால் ஜிப்பில் அதுவும் சரியாக வராது. பிறகு உள்ளே போய் கான்ஃபிகர், அடுத்து மேக். வெளியில் தெரிவது மேக் என்றாலும் உள்ளே வேலை செய்வது மெசானும் நிஞ்ஜாவும்தான். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ வேண்டும்.

ஜிலிப் தொடங்கி நிறையச் சார்பு நூலகங்கள் இருந்தாலும் அவற்றை நீங்கள் கட்ட வேண்டியதில்லை, முன்பே கட்டிய தொகுப்பைக் கான்ஃபிகரே இறக்கிக்கொள்ளும். அதனால் முதல் முறை இணையம் இருக்க வேண்டும். அலுவலக ப்ராக்ஸிக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டுகிறவர்களுக்குப் பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஆண்ட்ராய்டுக்கான சர்வரை லினக்ஸ்ல கட்டுறது எப்படி?

கான்ஃபிகரில் --ஹோஸ்ட்=ஆண்ட்ராய்டு-ஆர்ம்64 என்று கொடுங்கள். அதற்கு முன் ஆண்ட்ராய்டு_என்டிகே_ரூட் என்ற சூழல் மாறியில் என்டிகே (ஆண்ட்ராய்டுக்கு சி நிரல் கட்டும் கருவித் தொகுப்பு) இருக்கும் அடைவைச் சொல்ல வேண்டும். எந்த என்டிகே கிடைத்தாலும் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஃப்ரிடா வரிசையும் ஒரு குறிப்பிட்ட என்டிகேயை எதிர்பார்க்கிறது, 16 வரிசைக்கு அது ஆர்25. பொருந்தாததைக் கொடுத்தால் எது வேண்டும் என்று கான்ஃபிகரே சொல்லும், அந்த வரியைப் படித்துவிட்டு அதையே இறக்குங்கள்.

ஒரு இலக்குக்குக் கட்டிவிட்டு அடுத்த இலக்குக்குப் போகும்போது பழைய பில்டு அடைவின் மேலேயே கான்ஃபிகரை ஓட்டாமல், தனித்தனி அடைவு வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் கட்டுகிறவர்கள் கீசெயினில் ஒரு கோட் சைனிங் சான்றிதழ் உருவாக்கி, மேக்ஓஎஸ்_செர்ட்ஐடி என்ற மாறியில் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும்.

டபிள்யூஎஸ்எல்ல இருந்து போன் தெரியவே மாட்டேங்குதே? சர்வரை எல்லா ஐபிக்கும் திறந்துடலாமா?

டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) தானாக யுஎஸ்பி சாதனங்களைப் பார்க்காது. எளிய வழி, ஃப்ரிடா-டூல்ஸை விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவிக்கொள்வது.

சர்வரை -எல் 0.0.0.0 என்று திறக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. அப்படித் திறந்தால், அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் போனில் ரூட் அதிகாரத்தோடு எதையும் செய்யலாம். இயல்பாக அது லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்பது காரணத்தோடுதான். வலையமைப்பு வழியாகத்தான் வேண்டும் என்றால் ஏடிபி ஃபார்வர்டு வைத்து 27042ஐக் கொண்டுவாருங்கள், அல்லது 15ஆம் பதிப்பில் வந்த டோக்கன், டிஎல்எஸ் சான்றிதழ் வசதிகளைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் சரியா இருக்கு, பிழையே இல்லை. ஆனா ஹூக் போட்ட ஃபங்ஷன்ல எதுவும் அச்சாகலை

இது நிறுவல் சிக்கல் இல்லை, ஆனாலும் நிறுவல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் போடுகிறார்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள்: நீங்கள் இணைவதற்கு முன்பே அந்த ஃபங்ஷன் ஓடி முடிந்திருக்கலாம். அப்படியானால் -எஃப் கொடுத்து செயலியை ஃப்ரிடா மூலமே தொடங்குங்கள். அப்படித் தொடங்கினால் எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று வரலாம், உங்கள் ஃபங்ஷன் இருக்கும் நூலகம் அந்த நேரத்தில் இன்னும் ஏற்றப்பட்டே இருக்காது. நூலகத்தை ஏற்றும் ஃபங்ஷனைப் பிடித்து, அது திரும்பிய பிறகு உங்கள் ஹூக்கைப் போடுங்கள். செயலி இரண்டு பிராசஸாக ஓடி, நீங்கள் தவறான ஒன்றில் இருப்பதும் உண்டு, ஃப்ரிடா-பிஎஸ் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, கம்பைலர். மேலே சொன்ன ஸ்லீப் நிரலில் எண்ணைக் கூட்டும் வேலையை மட்டும் ஒரு சின்ன ஸ்டாட்டிக் ஃபங்ஷனாகப் பிரித்து, ஒருமுறை மேம்படுத்தல் இல்லாமலும் ஒருமுறை -ஓ2 கொடுத்தும் கம்பைல் செய்து பாருங்கள். இரண்டாவதில் அந்த ஃபங்ஷனே இருக்காது, அதன் கட்டளைகள் அழைத்த இடத்திலேயே கரைந்திருக்கும், பிடிப்பதற்கு முகவரி எதுவும் மிஞ்சாது. வெளியீட்டுச் செயலிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. அங்கே அழைக்கும் ஃபங்ஷனைப் பிடிக்க வேண்டும், அல்லது அது கடைசியில் போய்ச் சேரும் சி நூலக ஃபங்ஷனைப் பிடித்து, பேக்ட்ரேஸ் (அழைப்புகள் வந்த வரிசை) எடுத்து, யார் அழைத்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும்.